மின்மிதிவண்டிக் கட்டுப்படுத்தி: அமைவுகளும் நிலைபொருளும்

மின்மிதிவண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்து, எப்போது எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்தி எனப்படும். பட்டறைகளில் இதைக் ‘கண்ட்ரோலர்’ என்றே சொல்வார்கள். இதனுள் உள்ள சிறு கணிச்சில்லில் நிலையாக எழுதப்பட்டிருக்கும் நிரல் நிலைபொருள் ஆகும். அந்த நிரல் பார்த்து நடந்துகொள்ளும் எண்கள் அமைவுகள் ஆகும்.

வண்டி இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகவே பலரும் இந்த எண்களில் கை வைக்கின்றனர். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை பேட்டரியையும் மோட்டாரையும் ஓட்டுபவரையும் காக்க வைக்கப்பட்ட எல்லைகள். ஓர் எண் எதைக் காக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அதை மாற்ற வேண்டும். அந்த அறிவு இருந்தால், கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்படும் பல வண்டிகளைச் செலவில்லாமல் ஓட வைக்கவும் முடியும்.

கட்டுப்படுத்தி செய்யும் வேலை

பேட்டரி தருவது நேர்மின்சாரம். இன்றைய மின்மிதிவண்டிகளில் உள்ள தூரிகையற்ற மோட்டாருக்கு மூன்று கம்பிகள் உண்டு. அந்த மூன்றிலும் முறை மாற்றி மின்சாரம் பாய்ந்தால்தான் மோட்டார் சுழலும். இந்த முறை மாற்றத்தை மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணுச் சாவிகள் செய்கின்றன. குறைந்தது ஆறு சாவிகள் தேவை. பெரிய கட்டுப்படுத்திகளில் 12, 18 என்று இருக்கும். இவை ஒரு நொடியில் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன. திறந்திருக்கும் நேரம் கூடினால் மோட்டாருக்குச் செல்லும் சராசரி மின்னழுத்தம் கூடும்.

எந்தக் கம்பிக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதை அறிய, மோட்டாரின் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் இதற்கு மூன்று ஹால் உணரிகள் உள்ளன. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குவதால் இவற்றுக்கு அப்பெயர். ஒவ்வோர் உணரியும் 0 அல்லது 1 என்று விடை சொல்லும். மூன்று உணரிகளுக்கு எட்டுச் சேர்க்கைகள் இயலும். உணரிகள் வழக்கமான 120 பாகை இடைவெளியில் இருந்தால், அவற்றுள் 000, 111 ஆகிய இரண்டும் வரவே வராது; மீதி ஆறும் வரிசையாக வரும். வரக்கூடாத சேர்க்கை வந்தால் உணரியோ கம்பியோ பழுது என்று நிலைபொருள் முடிவு செய்து மோட்டாரை நிறுத்திவிடும்.

நிலைபொருளும் அமைவும்: வேறுபாடு

தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளலாம். ஊசி இறங்குவதும் நூல் முடிச்சு விழுவதும் இயந்திரத்தின் உள் அமைப்பால் நடப்பவை. தையலின் நீளத்தை மாற்றப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். நிலைபொருள் அந்த உள் அமைப்பைப் போன்றது. அமைவு அந்தத் திருகைப் போன்றது. தையல் நீளமாக விழுந்தால் யாரும் இயந்திரத்தைப் பிரிப்பதில்லை, திருகைத்தான் திருப்புவார்கள். மின்மிதிவண்டியிலும் அவ்வாறே அமைவில் தீரக்கூடிய குறைக்கு நிலைபொருளை மாற்றத் தேவையில்லை.

முதன்மையான அமைவுகள்

1. குறைந்த மின்னழுத்த எல்லை

பேட்டரி இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்க வேண்டும் என்று சொல்லும் எண் இது. வழக்கமான லித்தியம் அயனிக் கலம் ஒன்று முழுதாக மின்னேறிய நிலையில் 4.2 வோல்ட் காட்டும். 36 வோல்ட் பேட்டரியில் 10 கலங்கள் தொடராக இருக்கும்; முழு அளவு 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் பெரும்பாலும் 13 கலங்கள். முழு அளவு 54.6 வோல்ட். ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 3.1 வோல்ட்டில் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், முதல் பேட்டரிக்கு எல்லை 31 வோல்ட், இரண்டாவதற்கு 40 வோல்ட்.

பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு இந்த எண்ணை மறந்துவிடுவோர் பலர். 40 வோல்ட் எல்லை உள்ள கட்டுப்படுத்தியில் 36 வோல்ட் பேட்டரியைப் பொருத்தினால், சிறிது தூரம் ஓடியதும் வண்டி நின்றுவிடும். ‘கண்ட்ரோலர் போய்விட்டது’ என்ற முடிவுக்கு வருவார்கள், போனது எதுவுமில்லை. இதற்கு நேர்மாறானது ஆபத்தானது. 31 வோல்ட் எல்லை உள்ள கட்டுப்படுத்தியில் 48 வோல்ட் பேட்டரியைப் பொருத்தினால், ஒரு கலம் 31 ÷ 13, அதாவது 2.4 வோல்ட் வரை இறங்க இடமுண்டு. அவ்வளவு ஆழமாக, அடிக்கடி இறங்கும் கலத்தினுள் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். அந்தச் செம்பு பிறகு வேறிடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம். பேட்டரி தீப்பிடிப்பதற்கு இது ஒரு வழி. பேட்டரியினுள் இருக்கும் காப்புச் சுற்று இதைத் தடுக்கும் என்றாலும், அதைக் கடைசிக் காவலாக வைத்துக்கொள்வதே முறை.

2. மின்னோட்ட எல்லை

பேட்டரியிலிருந்து கட்டுப்படுத்தி எடுக்கக்கூடிய மிகுதியான மின்னோட்டம் இது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். 48 வோல்ட், 20 ஆம்பியர் என்றால் 960 வாட். இது பேட்டரி தருவது. அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போகும்.

இந்த எண்ணை முடிவு செய்ய வேண்டியது பேட்டரியே. 13 தொடர், 4 இணை என்று கட்டப்பட்ட பேட்டரியில் ஒவ்வொரு கலமும் 5 ஆம்பியர் தாங்கும் என்றால், மொத்தம் 20 ஆம்பியர் எடுக்கலாம். எல்லையை 25 ஆக உயர்த்தினால் ஒவ்வொரு கலத்தின் மீதும் 6.25 ஆம்பியர் விழும். வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும் என்று பள்ளியில் படித்தது இங்கே பயன்படுகிறது. 6.25 ÷ 5 = 1.25, அதன் இருபடி 1.56. மின்னோட்டம் கால் மடங்கு கூடினால் வெப்பம் அரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

பேட்டரி மின்னோட்டமும் மோட்டார்க் கம்பிகளில் ஓடும் மின்னோட்டமும் ஒன்றல்ல. வண்டி மெதுவாக ஏறும்போது, சாவிகள் பாதி நேரமே திறந்திருந்தால், பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் செல்லும்போது மோட்டாரில் ஏறத்தாழ 30 ஆம்பியர் ஓடும். மேட்டில் திணறும் வண்டியில் திரையில் எண் சிறிதாகத் தெரிந்தாலும் மோட்டார் கொதிப்பது இதனால்தான்.

3. சக்கர அளவு

கட்டுப்படுத்தி வேகத்தை நேரடியாக அறிவதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, சுற்றளவால் பெருக்குகிறது. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 207 சென்டிமீட்டர். 20 அங்குலச் சக்கரத்துக்கு 160. 26 அங்குல வண்டியில் அமைவு 20 என்று தவறாக இருந்தால், திரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் காட்டும்போது உண்மை வேகம் 32.5 கிலோமீட்டர். வேக எல்லையை ஏமாற்ற இதைத் தந்திரமாகச் சிலர் கையாள்கின்றனர். அப்போது வேகமானி, தூரமானி இரண்டும் பொய் சொல்லும். ஓட்டுபவர் தம் வேகத்தை அறியாமலே ஓட்டுவார்.

4. துணை நிலைகளும் தொடக்க மென்மையும்

திரையில் 1 முதல் 5 அல்லது 9 வரை வரும் துணை நிலைகள் ஒவ்வொன்றுக்கும், மின்னோட்ட எல்லையில் எத்தனை விழுக்காடு, வேக எல்லையில் எத்தனை விழுக்காடு என்று இரு எண்கள் உண்டு. முதல் நிலையே முரட்டுத்தனமாக இழுத்தால் அதன் விழுக்காட்டைக் குறைக்கலாம். முதியோருக்கும் புதிதாக ஓட்டுவோருக்கும் மிகுந்த பயன் தரும் மாற்றம் இதுவே. பெடலை மிதித்ததும் மோட்டார் எவ்வளவு விரைவில் முழு விசைக்கு வர வேண்டும் என்பது தொடக்க மென்மை. இதைக் கடுமையாக வைத்தால் சங்கிலி, பற்சக்கரம், மாஸ்ஃபெட் ஆகிய எல்லாவற்றுக்கும் அதிர்ச்சி.

5. திராட்டில் எல்லைகள்

ஹால் வகைத் திராட்டில் பிடிக்கு 5 வோல்ட் கொடுத்தால், விட்ட நிலையில் ஏறத்தாழ 0.8 வோல்ட்டும், முழுதாகத் திருகிய நிலையில் 4 வோல்ட்டை ஒட்டியும் திருப்பித் தரும். தொடக்க எல்லை மிகத் தாழ்வாக இருந்தால், கை வைக்காமலே வண்டி நகரும். மிக உயர்வாக இருந்தால் பாதி திருகும் வரை ஒன்றும் நடக்காது. திராட்டிலின் தரைக்கம்பி அறுந்தால் சமிக்ஞை 5 வோல்ட்டை நோக்கி ஏறக்கூடும். வண்டி தானே பாயும். நல்ல நிலைபொருள், வழக்கத்துக்கு மேலான மின்னழுத்தத்தைப் பழுது என்று கருதி மோட்டாரை நிறுத்தும். அந்தக் காப்பை ஒருபோதும் அணைக்கக் கூடாது. பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரேக் சாவிக்கும் இது பொருந்தும்.

எடுத்துக்காட்டு: பாஃபாங் பிபிஎஸ்02

சீனாவின் பாஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ்02, சாதாரண மிதிவண்டியின் பெடல் அச்சில் பொருத்தக்கூடிய நடு மோட்டார். கட்டுப்படுத்தி மோட்டாருடனேயே ஒட்டியிருக்கும். திரைக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் யூஎஸ்பி நிரலாக்கக் கம்பியை மாட்டினால் கணினியிலிருந்து அமைவுகளைப் படிக்கவும் எழுதவும் முடியும். அமைவுகள் அடிப்படை, பெடல் துணை, திராட்டில் என்று மூன்று பக்கங்களாக வரும்.

அடிப்படைப் பக்கத்தில் குறைந்த மின்னழுத்த எல்லை, மின்னோட்ட எல்லை, துணை நிலைகளின் விழுக்காடுகள், சக்கர அளவு ஆகியவை இருக்கும். பெடல் பக்கத்தில் தொடக்க மின்னோட்டம், தொடக்க மென்மை, பெடலை நிறுத்திய பின் மோட்டார் நிற்க ஆகும் நேரம் போன்றவை இருக்கும். திராட்டில் பக்கத்தில் மின்னழுத்தம் பத்தில் ஒரு வோல்ட் அளவில் எழுதப்படும்: 11 என்றால் 1.1 வோல்ட், 35 என்றால் 3.5 வோல்ட். விட்ட நிலையிலேயே வண்டி ஊர்ந்தால், தொடக்க எண்ணை 11-இலிருந்து 13 ஆக்கிப் பார்க்கலாம்.

திரையில் வரும் பிழை எண்களும் உதவும். இம்மோட்டார்களில் அடிக்கடி காணப்படுபவை:

05 – திராட்டில் பழுது
06 – பேட்டரி மின்னழுத்தம் குறைவு
07 – பேட்டரி மின்னழுத்தம் மிகுதி
08 – ஹால் உணரிப் பழுது
10 – மோட்டார் வெப்பம் மிகுதி
21 – வேக உணரிப் பழுது
30 – திரைக்கும் கட்டுப்படுத்திக்கும் தொடர்பு இல்லை

30 என்ற எண்ணைக் கண்டதும் புதிய கட்டுப்படுத்தி வாங்க ஓட வேண்டியதில்லை. கம்பியின் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம், ஊசி ஒன்று வளைந்திருக்கலாம். 21 வந்தால் சக்கரக் கம்பியில் மாட்டிய சிறு காந்தம் உணரியை விட்டு விலகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அமைவை மாற்றும் முறை

1. முதலில் எல்லா மதிப்புகளையும் படித்து, கணினியில் கோப்பாகவும் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் வழி இதுவே.
2. பேட்டரியின் மேல் உள்ள வில்லையிலிருந்து அதன் வோல்ட்டையும் தொடர்ந்து தரக்கூடிய ஆம்பியரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
3. ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எது கெடுத்தது என்று அறிய முடியாது.
4. எழுதிய பின் மீண்டும் படித்து, எழுதியதுதான் பதிந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.
5. சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்துச் சோதிக்க வேண்டும். பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கிறதா என்பதே முதல் சோதனை.
6. பிறகு ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டியபின் கட்டுப்படுத்தியும் இணைப்பிகளும் தொட முடியாத அளவுக்குச் சுட்டால், மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

நிலைபொருளைக் குறை சொல்லும் முன்

வண்டி ஓடவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கம்பியிலோ இணைப்பிலோ இருக்கும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் கீழ்க்கண்டவற்றை வீட்டிலேயே பார்க்கலாம்.

பேட்டரி: ஓய்வில் இருக்கும்போதும், மோட்டார் இழுக்கும்போதும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஓய்வில் 44 வோல்ட் காட்டி, மேட்டில் 39 ஆகச் சரிந்தால், வண்டி நிற்பது எல்லை அமைவு சரியாக வேலை செய்வதால்தான். அந்த எல்லையை இறக்குவது காய்ச்சல்மானியை உடைப்பதற்குச் சமம். பேட்டரி மூப்படைந்திருக்கிறது, அல்லது ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

ஹால் உணரிகள்: உணரிக்குச் செல்லும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளுக்கு இடையே 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு மோட்டார் மெதுவாகச் சுழலுமாறு சக்கரத்தைத் திருப்பியபடி மூன்று சமிக்ஞைக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0, 5 என்று மாறி மாறிக் காட்டும். ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அந்த உணரியோ கம்பியோ பழுது.

மாஸ்ஃபெட்: ஹப் மோட்டாரில், பேட்டரியைக் கழற்றிய நிலையில் சக்கரம் விட்டுவிட்டு இறுக்கமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டாரின் மூன்று தடித்த கம்பிகளையும் கட்டுப்படுத்தியிலிருந்து கழற்றியதும் சக்கரம் இலேசாகச் சுற்றினால், கட்டுப்படுத்தியினுள் மாஸ்ஃபெட் குறுக்காகிவிட்டது என்று பொருள். இதை எந்த அமைவாலும் சரிசெய்ய முடியாது. பாகத்தை மாற்ற வேண்டும்.

கட்டுப்படுத்தியைத் திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

நிலைபொருளையே மாற்றுதல்

அமைவுகளால் தீராத தேவை இருக்கும்போது, சிலர் திறமூல நிலைபொருளை எழுதுகின்றனர். டோங்ஷெங் நிறுவனத்தின் டிஎஸ்டிஇசட்2 நடு மோட்டாருக்கும், பாஃபாங் பிபிஎஸ்02, பிபிஎஸ்எச்டி ஆகியவற்றுக்கும் ஆர்வலர்கள் எழுதிய நிலைபொருள்கள் உள்ளன. பெடலின் விசைக்கு ஏற்ப மோட்டார் இன்னும் இயல்பாகத் துணை செய்வது, வெப்பம் கூடினால் படிப்படியாகத் திறனைக் குறைப்பது போன்ற வசதிகள் இவற்றால் கிடைக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் உருவாக்கிய விஇஎஸ்சி, தொடக்கத்திலிருந்தே திறமூலமாக வந்த கட்டுப்படுத்தி. அதன் மென்பொருள் மோட்டாரின் மின்தடை, மின்தூண்டல், காந்தப்பாயம், ஹால் உணரி வரிசை ஆகியவற்றைத் தானே அளந்து அமைவுகளை நிரப்பும்.

இதில் அறிய வேண்டிய முதல் செய்தி: டிஎஸ்டிஇசட்2 போன்றவற்றில் தொழிற்சாலை நிலைபொருளைப் படியெடுக்க முடியாதபடி சில்லுப் பூட்டப்பட்டிருக்கும். புதியதை எழுதியதும் பழையது அழிந்துவிடும். அமைவை மாற்றினால் திரும்ப வழி உண்டு. இங்கே அது இல்லை. மோட்டாருக்கான உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும். சில்லின் வகை, கட்டுப்படுத்தியின் பதிப்பு, திரையின் வகை மூன்றும் அந்த நிலைபொருளின் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பே எழுத வேண்டும். எழுதும்போது கம்பி அசையாமலும் கணினி அணையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணால் மாற்ற முடியாத எல்லைகளும் உண்டு. 48 வோல்ட் கட்டுப்படுத்திகள் பலவற்றில் 63 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகளே இருக்கும். 16 கலம் கொண்ட 60 வோல்ட் பேட்டரி முழுதாக மின்னேறினால் 67.2 வோல்ட். நிலைபொருள் அனுமதித்தாலும் மின்தேக்கி அனுமதிக்காது, வெடித்துவிடும்.

சட்டமும் பொறுப்பும்

ஐரோப்பிய ஒன்றியத்தில், பெடலை மிதிக்கும்போது மட்டும் துணை செய்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் துணையை நிறுத்திவிடும், 250 வாட்டுக்கு மேற்படாத தொடர் திறன் கொண்ட வண்டி மிதிவண்டியாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற அளவுகளைக் கொண்டே இத்தகைய வண்டிகளை மோட்டார் வாகன வகையிலிருந்து விலக்குகின்றன. வேக எல்லையை நீக்கிய மிதிவண்டி அந்த விலக்கை இழக்கக்கூடும். அப்போது பதிவு, உரிமம், காப்பீடு ஆகிய கேள்விகள் எழும். விபத்து நேர்ந்த பின் அவை எழுவதுதான் கொடுமை.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் இயற்பியல் இருக்கிறது. 25 கிலோமீட்டருக்கென வடிவமைத்த பிரேக்கும் சட்டகமும் 45 கிலோமீட்டரில் அதே நம்பிக்கையைத் தரா. இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது; 45 ÷ 25 = 1.8, இருபடி 3.24. பிரேக் மூன்று மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். கட்டுப்படுத்தியில் ஓர் எண்ணைக் கூட்ட ஒரு நிமிடம் போதும். அந்த எண்ணை நம்பி இயங்கும் பேட்டரியும் மோட்டாரும் பிரேக்கும் அதே நிமிடத்தில் வலுப்பெற்றுவிடுவதில்லை.